பகவதியின் சிவப்புப் பாவாடை

கரமனை
கொல்லம் 1129 கார்த்திகை 4

மகன் அழகியநம்பிக்கு அப்பா வேலப்பன் சொல்லி எழுதுவது.

சொல்லுகிறது நான். எழுதுகிறது பக்கத்துத் தெரு சேஷன் சாமி. வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர் அல்லவா, என் வாயில் வருவதை அப்படியே எழுதினால் கோர்ட்டில் நிற்காது என்று கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவார். நீ அதற்குள் புகுந்து என் குரலைக் கேட்டுக்கொள்.

நல்ல சங்கதி முதலில். உன் தங்கை சூடாமணிக்குக் கல்யாணம் உறுதியாகிவிட்டது. பையன் கோட்டாறு, பெயர் தங்கப்பன். அவன் அப்பாவும் நானும் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரே மிளகுக் கடையில் தராசு பிடித்தவர்கள். தை 22 முகூர்த்தம்.

கெட்ட சங்கதி இனிமேல். கல்யாணம் நிச்சயமானதும் கன்னியிடம் முதலில் சொல்ல வேண்டுமே என்று உள்ளறையான அரங்குக்குள் போனேன். மூலையில் உன் அக்கா பகவதியின் ஓலைப்பெட்டி இல்லை. அந்த இடத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து, மேலே மஞ்சள் துணி போட்டு மூடியிருக்கிறது. உன் அம்மாவைக் கேட்டேன். "நான் கண்டேனா?" என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஓணத்துக்கு நீ வந்து திரும்பிய நாளை நினைத்துப் பார்த்தேன். தம்பானூரில் ரயில் ஏறும்போது பெட்ஷீட் சுற்றிய மூட்டை ஒன்று உன் மடியில் இருந்தது. "என்னலே அது?" என்றேன். "புஸ்தகம்பா" என்றாய். டிரங்குப் பெட்டியைக் கூலியாள் தலையில் கொடுத்தாய். அந்த மூட்டையை என் கையில்கூடக் கொடுக்கவில்லை. புஸ்தகத்தை எவனும் அப்படி வைத்துக்கொள்ள மாட்டான்.

நம் வீட்டு முறை உனக்குத் தெரியாததா? தெரியாதவன் போல நடந்திருக்கிறாய், அதனால் சொல்லுகிறேன். கல்யாணம் ஆகாமல் செத்த பெண்பிள்ளை வீட்டுக்குக் கன்னித் தெய்வம். அவள் துணியைப் பெட்டியில் வைத்து, வருஷா வருஷம் பொங்கலுக்கு வளையலும் பூவும் வைத்துக் கும்பிடுகிறோம். அது எத்தனை நாளைக்கு? அவளுக்குப் பின்னால் பிறந்த கடைசித் தங்கையும் கல்யாணம் ஆகிப் போகும் வரைக்கும். அந்தக் காலையில் மணப்பெண் கையால் தொட்டுக் கொடுக்க, பெட்டியை ஆற்றில் விட வேண்டும். மிதந்து கண்மறைந்து போனால், கன்னி மனக்குறை இல்லாமல் போனாள் என்று அர்த்தம். விடாவிட்டால் அவள் தங்கைக்குப் பின்னாலேயே போவாள். தங்கை வயிற்றில் பிள்ளை தங்காது. என் சின்ன அத்தை வீட்டில் கண்டவன் நான்.

கோட்டாற்றார் நம்மவர்கள். கேட்காமல் இருக்க மாட்டார்கள். பெட்டி உன்னிடம் இருந்தால் உடனே கொண்டு வா.

அப்பா

•

பரோடா
27-11-1953

அன்புள்ள அப்பாவுக்கு,

பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. நான்தான் எடுத்தேன், யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவை விசாரிக்க வேண்டாம்.

ஓணத்தன்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாவாடையின் மடிப்பு முழுக்க வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. கையில் எடுத்தால் மடித்த இடத்தில் சருகு மாதிரி விண்டுபோகிறது. இன்னும் இரண்டு மழைக்காலம் அங்கே இருந்திருந்தால் வெறும் தூள்தான் மிஞ்சியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. நான் படிப்பதே இதைத்தான் அப்பா. பழைய பொருளை எப்படிச் சேகரிப்பது, கெடாமல் எப்படி வைப்பது, நாலு பேர் பார்க்க எப்படி வைப்பது. சாலையில் உங்கள் கூட்டாளிகள் "புலிக்கூட்டைத் திறக்கவும் மூடவும் ஒரு பரீட்சையா?" என்று கேலி செய்வதாக முன்பு எழுதினீர்கள். மிருகங்களும் மியூசியமும் சேர்ந்த நம்மூர்க் காழ்ச்சபங்களாவில் புலி மட்டுமா இருக்கிறது?

டிப்ளமா வாங்க ஒவ்வொருவரும் ஒரு பொருளைத் தன் கையால் பழுது நீக்கி, ஏப்ரலில் பரீட்சை அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். மற்றவர்கள் நாணயம், செம்பு, ஓலைச்சுவடி என்று எடுத்திருக்கிறார்கள். நான் அக்காவின் பாவாடையை எடுத்தேன். பூச்சியைக் கொன்று, தூசியைத் தூரிகையால் தள்ளி, பெட்டிக்குள் அடங்கும் அளவுக்கு மடித்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து ஓரம் ஒட்டியிருக்கிறேன். சிவப்பு இப்போது எப்படித் தெரிகிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். எங்கள் புரொபசர் மற்ற மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்தில் வைக்க அட்டையும் எழுதிவிட்டேன்: "சிறுமியின் பாவாடை. பருத்தி. தென் திருவிதாங்கூர். சுமார் 1938."

ஏப்ரல் வரை பொறுங்கள். பரீட்சை முடிந்ததும் நானே கொண்டு வருகிறேன். கல்யாணத்தை மேடத்துக்கு, சித்திரைக்குத் தள்ளிவைக்க முடியாதா?

நம்பி

•

கரமனை
கார்த்திகை 20

நம்பிக்கு,

உன் கடிதத்தைச் சேஷன் சாமி இரண்டு தடவை வாசித்தார். இரண்டாவது தடவை உன் அம்மாவும் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"யாரிடமும் கேட்கவில்லை" என்ற இடம் வந்ததும் வெளியே வந்துவிட்டாள். நடந்ததை அப்படியே சொல்லுகிறேன்.

"பொய் எழுதியிருக்கான். நாந்தான் குடுத்து விட்டேன்."

"என்னத்துக்குடீ?"

"அவன் நூறு வருஷம் கெடாம வச்சிருப்பேன்னான். நீங்க ஒரு காலைல ஆத்துல விட்டுட்டு வந்து பழையது குடிப்பியோ. பொறகு எனக்கு ஆரு இருக்கா?"

"சூடாமணி இல்லியா? நம்பி இல்லியா?"

"சூடாமணி கோட்டாத்துக்குப் போறா. நம்பி எங்கியோ கெடக்கான். பகவதி ஒருத்திதான் வீட்ட விட்டு எங்கயும் போகாதவ."

சேஷன் சாமி பேனாவை வைத்துவிட்டு, "ஓய், நான் அப்பறம் வரட்டுமா?" என்று எழுந்தார். "இரும் சாமி, இதையும் எழுதும்" என்றேன்.

உன் அம்மா சொல்லுவது தப்பு என்று எப்படிச் சொல்ல? காய்ச்சல் கண்ட அந்த ஐப்பசியில் பகவதி கடைசியாகத் தண்ணீர் குடித்தது அவள் கையால். எனக்கு நினைப்பு இருக்கிறது. வைத்தியரைக் கூட்டிக்கொண்டு நான் படி ஏறினேன். உன் அம்மா என்னைப் பார்த்து, மெள்ள வாருங்கள், இப்போதுதான் கண் அசந்தாள் என்று கையைக் காட்டினாள். வைத்தியருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உன் அம்மாவுக்கு விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தெரியவில்லை.

ஆனாலும் உயிரோடு இருக்கிற பிள்ளையை நான் பார்க்க வேண்டும். சூடாமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறாள். நேற்று என்னிடம், "அப்பா, அக்காவ விடலேன்னா கோட்டாத்துக்காரங்க என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டாங்களா?" என்று கேட்டாள். அவள் பிறந்து தொட்டிலில் கிடந்தபோது போனவள் அக்கா. முகம்கூடத் தெரியாது. அவளுக்கு இந்தப் பயம் வரலாமா? தேதியைத் தள்ளவும் முடியாது. வருகிற மேடத்தில் தங்கப்பனுக்கு ஜாதகம் சரியில்லை என்று அவர்கள் பார்த்துத்தான் தையில் வைத்தார்கள்.

இன்னொன்று கேட்கிறேன். அட்டையில் எழுதினேன் என்றாயே. பருத்தி எழுதினாய், திருவிதாங்கூர் எழுதினாய். அவள் பேர் எங்கே? உன்னை இடுப்பில் சுமந்து சுமந்து ஒரு பக்கம் சாய்ந்து நடந்தவள் அவள். எனக்கு எழுத்து தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் பேரைத்தான் எழுதியிருப்பேன்.

அப்பா

•

பரோடா
14-12-1953

அன்புள்ள அப்பாவுக்கு,

அட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். அட்டை பொருளுக்குத்தான், ஆளுக்கு இல்லை என்பது இங்கே பாடம். உங்கள் கடிதம் வந்த பிறகு பேரை எழுதி வைத்துப் பார்த்தேன். புரொபசர், "யார் இந்த பகவதி?" என்று இங்கிலீஷில் கேட்டார். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டுத் தெய்வம் என்றேன். அப்படியானால் சிலைகளின் பிரிவில் அல்லவா வைக்க வேண்டும் என்றார். அவர் நல்ல மனிதர், கிண்டலாகச் சொல்லவில்லை. நான் அட்டையைத் திரும்ப எடுத்துவிட்டேன்.

அம்மா தனியாக எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். சூடாமணி கையால் ஒரு கார்டு, மலையாளத்தில். "அனுப்பாதே. அப்பா கோபம் நாலு நாளில் போகும்" என்று. நீங்கள் அனுப்பு என்கிறீர்கள். நான் யார் பேச்சைக் கேட்பது? அனுப்பினால் பரீட்சைக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்தில் இன்னொன்றைத் தேடித் தயார் செய்ய முடியுமா தெரியவில்லை. தேறாவிட்டால் இரண்டு வருஷமும் வீண். திரும்பி வந்து நானும் சாலைக் கம்போளத்தில்தான் நிற்க வேண்டும்.

ஒன்று சொன்னால் கோபிக்காதீர்கள். ஆற்றில் வேறு ஒரு பெட்டியை விட்டால் என்ன? அதேபோல ஒரு ஓலைப்பெட்டி, அதேபோல ஒரு சிவப்புத் துணி. கோட்டாற்றாருக்குத் தெரியப் போவதில்லை. அம்மாவுக்கும் சமாதானம்.

நம்பி

•

கரமனை
மார்கழி 9

நம்பிக்கு,

உன் யோசனையைச் சேஷன் சாமி வாசித்ததும் நான் திண்டாடிப் போனேன். அவர்கூட, "பையன் தர்க்கம் பேஷா இருக்கு ஓய். ஆனா இத நான் கோர்ட்டுல பேசினாக்கூட வெக்கப்படுவேன்" என்றார்.

கோட்டாற்றாருக்குத் தெரியாது. சரி. பகவதிக்கும் தெரியாதா?

வேறு சிவப்புத் துணி என்று சுலபமாக எழுதிவிட்டாய். அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. தீபாவளிக்குத் துணி எடுக்க அவளைச் சாலைக்குக் கூட்டிப் போனேன். பச்சை எடுத்துவா என்று உன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கடைக்காரர் பச்சையாகவே எடுத்துப் போடுகிறார். பகவதி ஒன்றையும் தொடவில்லை. மேல் தட்டில் இருந்த சிவப்பைப் பார்த்தாள். அதுவும் நேராகப் பார்க்கவில்லை. நான் பார்க்காதபோது பார்த்தாள். "வேணும்னா வாயத் திறந்து கேளேன் மக்கா" என்றேன். "அம்மா பச்சைன்னா" என்றாள். "அம்மாட்ட நான் சொல்லுகேன்" என்றேன். திரும்பி வரும்போது பழவங்காடிப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, பொட்டலத்தைக் கொஞ்சம் பிரித்து அவருக்குக் காட்டிவிட்டு வந்தாள். தீபாவளிக்குக் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே உடுத்திக்கொண்டு, அக்ரகாரத்துக் கடைசி வீடு வரைக்கும், அங்கிருந்து ஆற்றங்கரை வரைக்கும், எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள். சேஷன் சாமி இப்போது தலையை ஆட்டுகிறார். அவர் வீட்டுக்கும் போயிருக்கிறாள். அந்த ஒரு சாயங்காலம்தான் உடுத்தினாள்.

அந்தத் துணிக்குப் பதில் வேறு துணி எந்தக் கடையில் இருக்கிறது, சொல்.

உன் அம்மா கார்டு போட்டது எனக்குத் தெரியும். சூடாமணியே சொல்லிவிட்டாள், அழுதுகொண்டு. அம்மா ஒன்று சொல்லுகிறாள், நான் ஒன்று சொல்லுகிறேன். நீ படித்தவன், முடிவை நீயே எடு. உன் பரீட்சை பெரிது என்றால் வைத்துக்கொள். நான் கோட்டாற்றுக்குப் போய், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

அனுப்புவதானால், பெட்டி வந்தால் போதும். நீ வர வேண்டாம். உன் முகத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டில் நான் ஏதாவது பேசிவிடுவேன்.

வேலப்பன்

(இதை எழுதியவன் குறிப்பு: கடைசி வரியை மூன்று தரம் அடிக்கச் சொன்னேன். கேட்கவில்லை. சேஷன்.)

•

பரோடா
6-1-1954

அப்பாவுக்கு,

பெட்டி புறப்பட்டுவிட்டது. என்னோடு படிக்கும் நாகர்கோவில் நேசமணி ஊருக்கு வருகிறான். பார்சலில் போட்டால் கண்ணாடி உடையும் என்பதால் அவன் கையில் கொடுத்தேன். மடியை விட்டு இறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். கரமனைக்கே கொண்டுவந்து தருவான்.

பாவாடை கண்ணாடிக்குள்தான் இருக்கிறது. அதைப் பிரித்துத் துணியை வெளியே எடுக்க வேண்டாம். எடுத்தால் உதிர்ந்துவிடும். நானே பிரித்து அனுப்பலாம் என்று ஓரத்தைக் கொஞ்சம் நெம்பிப் பார்த்தேன். மடிப்பு ஒன்று விரல் நீளத்துக்கு விண்டது. உடனே நிறுத்தி மறுபடி ஒட்டினேன். அதனால் அப்படியே பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வழியில் அடிபடாமல் இருக்க இருந்ததிலேயே தடித்த கண்ணாடியாகப் பார்த்து மேலும் கீழும் சேர்த்து ஒட்டியிருக்கிறேன். சூடாமணி கண்ணாடி மேல் கையை வைத்துத் தொட்டுக் கொடுத்தால் போதாதா?

பரீட்சைக்கு நான் வேறு ஏதாவது செய்துகொள்கிறேன்.

என்னை வர வேண்டாம் என்றீர்கள். வரவில்லை. சூடாமணியிடம் மட்டும் நான் லீவு கிடைக்காமல் நின்றுவிட்டதாகச் சொல்லுங்கள். அம்மா என்னோடு பேச மாட்டாள். அவள் என்னை நம்பிக் கொடுத்ததை நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நம்பி

•

கரமனை
மாசி 3

மகன் நம்பிக்கு,

கல்யாணம் நன்றாக நடந்தது. சூடாமணி கோட்டாற்றில் இருக்கிறாள். மறுவீட்டுக்கு வந்துவிட்டுப் போனார்கள். தங்கப்பன் நல்ல பையன், அதிகம் பேசுகிறான், அவ்வளவுதான்.

ஆற்றங்கரையில் நடந்ததை எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எனக்கே என்ன சொல்லுவது என்று பிடிபடவில்லை.

நேசமணி சொன்ன சொல் தவறவில்லை. மடியில் வைத்தபடியே ரயில், பஸ் எல்லாம் ஏறி வந்தான். பெட்டியைத் திறந்ததும் உன் அம்மா பார்த்தாள். அன்று கடையில் பார்த்த அதே சிவப்பு. பதினைந்து வருஷம் மூலையில் கிடந்த துணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "நல்லா வச்சிருக்கான்" என்றாள். அவ்வளவுதான். முகூர்த்த நாள் வரைக்கும் பெட்டி அவள் பாயிலேயே இருந்தது. நானும் கேட்கவில்லை.

அன்று விடியற்காலம் எல்லோரும் ஆற்றில் குளிக்கிற கடவுக்குப் போனோம். கோட்டாற்றுச் சம்பந்தியும் வந்து நின்றார். சூடாமணி கண்ணாடி மேல் கை வைத்துத் தொட்டுவிட்டு, மூடியைப் போட்டு என் கையில் கொடுத்தாள். வாங்கினேன். கனத்தது. நான் யார்? வாழ்நாள் முழுக்கத் தராசு பிடித்தவன். கையில் எடுத்தால் ராத்தல் சொல்லுவேன். அன்றைக்கு அந்தக் கனம் எனக்குக் கண்ணாடிக் கனமாகத் தோன்றவில்லை மக்கா. பிள்ளைக் கனம் என்று நினைத்தேன். போக மனமில்லாமல் கனக்கிறாள் என்று நினைத்து, "போயிட்டு வா மக்கா" என்று சொல்லித் தண்ணீரில் வைத்துக் கையை எடுத்தேன்.

பெட்டி நேராகக் கீழே போய்விட்டது.

மூடி மட்டும் கழன்று மேலே வந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆற்று ஒழுக்கில் போக ஆரம்பித்தது. சம்பந்தி அதைத்தான் பார்த்தார். "போறா, போறா. கன்னி சந்தோஷமாப் போறால்லா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். மூடி வளைவு திரும்பிக் கண்மறைகிற வரைக்கும் எல்லோரும் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வேறு என்ன செய்ய? சூடாமணி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நேரத்தில் வாயைத் திறப்பேனா?

உன் அம்மா மூடியைப் பார்க்கவில்லை. காலடியில் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா

•

பரோடா
26-2-1954

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

கண்ணாடி மிதக்காது என்பது எனக்குத் தெரியாதா? எந்தப் பூச்சி எந்தத் துணியைத் தின்னும், எவ்வளவு ஈரம் ஆகும், எவ்வளவு வெளிச்சம் ஆகும் என்று ராத்திரி பகலாகப் படித்தவன். ஆற்றில் விடத்தான் கேட்கிறீர்கள் என்பதும் தெரியும். அதை வைத்துக்கொண்டே தடித்த கண்ணாடியாகத் தேடிப் போட்டிருக்கிறேன். வழியில் உடையக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். பொருள் கெடக் கூடாது என்பதற்கு மேல் என் புத்தி ஓடவில்லை. மிதப்பதற்காக ஒரு பொருளைத் தயார் செய்ய இங்கே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நான் வரட்டுமா? ஆள் வைத்து முங்கி எடுத்துவிடலாம். சொல்லுங்கள்.

அம்மா எப்படி இருக்கிறாள்?

நம்பி

•

கரமனை
சித்திரை 22

மகன் நம்பிக்கு,

நீ பரீட்சை எழுதினதும் தேறினதும் தெரிந்தது. ஏதோ செம்புப் பானையைத் துலக்கிக் காட்டினாயாமே. சந்தோஷம். உன் அம்மா பழவங்காடியில் தேங்காய் உடைத்தாள். உன்னோடு பேச மாட்டாள் என்று எழுதினாயே, உன் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

வரட்டுமா என்று கேட்டதற்கு இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. எடுக்கலாமா என்று யோசித்தேன். ஆற்றில் விட்ட கன்னியைத் திரும்ப எடுத்து வந்தால் அது சூடாமணிக்கு ஆகாது. கோட்டாற்றுக்குத் தெரிந்தால் அவளை வாழ விட மாட்டார்கள். அவள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். ஆகையால் எடுக்க வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

உன் அம்மாவைப் பற்றிச் சொல்லுகிறேன். அவள் இப்போது வீட்டில் இல்லை, கடவில் இருக்கிறாள். அதனால்தான் இந்த நேரத்தில் சேஷன் சாமியைக் கூப்பிட்டேன். காலையில் குளிக்கப் போகிறவள் உச்சி வெயில் வரைக்கும் வருவதில்லை. கோடையில் தண்ணீர் தெளிந்து கிடக்கிறது. வெயில் நேரே இறங்கும்போது கீழே கண்ணாடி மின்னுகிறது. கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்கிறாள். முதலில் மற்றப் பெண்கள் பயந்து அந்தப் படியை விட்டு ஒதுங்கினார்கள். இப்போது யாரும் ஒன்றும் சொல்லுவதில்லை. அக்ரகாரத்து லலிதாம்பாள் மாமி மட்டும் துணி துவைக்கும்போது கூடப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அம்மா வந்து சாப்பிடும்போது, "இன்னைக்கு நல்லாத் தெரிஞ்சா" என்பாள்.

அரங்கில் இருந்த காலத்தில்கூட வருஷத்துக்கு ஒருநாள்தான் திறந்து பார்த்தாள். இப்போது தினமும் பார்க்கிறாள்.

போன வாரம் அவள் கோட்டாற்றுக்குச் சூடாமணியைப் பார்க்கப் போன நாளில், நான் போய் இறங்கினேன். எனக்கு நீச்சல் உண்டு, உனக்குத் தெரியும். முங்கித் தடவினேன். பெட்டி ஓலை எல்லாம் இற்றுப் போய்விட்டது. கண்ணாடி இருக்கிறது. ஒரு மூலையில் ஒட்டு விட்டிருக்கிறது. உள்ளே கை விரலை விட்டுப் பார்த்தேன். சேறுதான் வந்தது. நூல்கூட இல்லை நம்பி. மேலே வந்து வெயிலில் நின்று குனிந்து பார்த்தேன். சிவப்பு ஒன்றும் இல்லை. வெறும் மின்னல்.

அவளுக்குச் சிவப்பு தெரிகிறதாம்.

அடுத்த மாதம் இடவப்பாதி மழை வரப் போகிறது. ஆறு கலங்கி ஏறும். நேற்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு கேட்டாள்: "வெள்ளம் வந்தா கண்ணாடிக்குள்ள தண்ணி போவுமா? நம்பிக்குத் தெரியும். அவன்ட்ட எழுதிக் கேளுங்க." அவளாக ஒன்று கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான்.

உன்னிடம் இருந்து கடிதம் வந்தால் சேஷன் சாமி வாசிக்கும்போது அவளும் வந்து உட்காருவாள். முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் கேட்பாள். பாதியை விட்டு வாசித்தால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் எனக்குத் தனியாக ஒன்றும் எழுத வேண்டாம். நான் சொன்னதை நீ கேட்டதாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. அட்டையில் எழுதினாயே, பருத்தி, ஊர் என்று, அந்த மாதிரி நிச்சயமாக எழுது.

அப்பா

•

பரோடா
14-5-1954

அன்புள்ள அம்மாவுக்கு நம்பி எழுதுவது.

அப்பா எழுதிக் கேட்டிருந்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் போகாது அம்மா. நான்கு ஓரத்தையும் நானே ஒட்டினேன். நான் போட்ட தார்ப்பசை தண்ணீரில் கரையாது. கப்பல் பலகைக்குப் பூசுவது அதைத்தான். எங்கள் புரொபசரும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்பினேன்.

அக்காவின் பாவாடைக்கு இனி ஒன்றும் ஆகாது. துணியைக் கெடுப்பது பூச்சியும் காற்றும். அங்கே இரண்டும் இல்லை. சிவப்பு அப்படியே இருக்கும். அரங்கில் இருந்ததைவிட அங்கே பத்திரம்.

மழை வந்தால் ஆறு கலங்கும். அப்போது தெரியவில்லை என்று நினைக்க வேண்டாம். கனமான கண்ணாடி, ஒழுக்கு அதை நகர்த்தாது. மழை முடிந்து தண்ணீர் தெளிந்ததும் அதே இடத்தில் இருக்கும்.

அடுத்த மாதம் நான் ஊருக்கு வந்துவிடுகிறேன். அதுவரைக்கும் ஒன்று மட்டும் எனக்காகச் செய்யுங்கள். கீழ்ப்படியில் பாசி பிடித்திருக்கும், அங்கே இறங்க வேண்டாம். மேல் படியில் நின்று பார்த்தாலே போதும். தெரியும்.

நம்பி